நிலத்துக்குத் துக்கம் கேட்டவர்கள்

மருதாயி எழவு வீட்டில் வாய் திறக்கமாட்டாள் என்பது சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் அறிந்த சங்கதி. மற்ற இடங்களில் அந்த வாய்க்குக் குறைச்சலே கிடையாது. குழாயடியில் ஒரு குடம் முன்னே பின்னே போய்விட்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் நிற்பவனும் திரும்பிப் பார்ப்பான். சாவு என்று வந்துவிட்டால் மட்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு முழங்கால் இடிக்க உட்காருவாள், முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், எழுந்து போய்விடுவாள். ஒரு சொல் வராது.

இதில் ஊருக்கு என்ன ஆத்திரம் என்றால், ஒப்பாரி சொல்ல அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிலோனில் மஸ்கெலியாப் பக்கம் அவர்கள் இருந்த தோட்டத்தில் பெரிய கங்காணி செத்தபோது மருதாயி அழுத அழுகையில், அவனிடம் ஆயுசு முழுக்க ஏச்சு வாங்கியவர்களே மூக்கைச் சிந்தினார்கள். அப்படிப்பட்டவள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்த பிறகு ஒரு சாவுக்கும் பாடவில்லை. போன மழைக்காலத்தில் கருப்பம்மாளின் புருஷன் மஞ்சள் காமாலையில் போனான். கருப்பம்மாள் அடுத்த காம்பராக்காரி, ஒற்றைச் சுவர்தான் நடுவில், ஒரே கப்பலில் வந்தவள். பிணத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து மருதாயியின் காலைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு பாட்டு சொல்லுடி. அந்த மனுசன ஊமையாவா அனுப்புறது? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"ஏலாது அக்கா" என்றாள் மருதாயி. "பெத்த புள்ளைக்கே அழுவாத வாயி இது. இதால ஊரு சாவுக்கு அழுதா, கூலிக்கு மாரடிச்ச மாதிரி ஆயிரும்."

கருப்பம்மாள் பிடித்த காலை விட்டுவிட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

மருதாயியின் மூத்த பெண் பூவாயிக்கு நாலு வயது. காய்ச்சல் கண்டு விடிவதற்குள் போய்விட்டாள். அப்போது மருதாயி நிறைமாதம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாவைப் பார்க்கக்கூடாது, அழுதால் அந்தக் கருவும் தங்காது என்று லயத்துப் பெண்கள் அவளைக் கடைசிக் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவள் கத்தாமல் இருக்க வாயில் துணியை வைத்துப் பொத்தியவள் இந்தக் கருப்பம்மாள்தான். நல்லதை நினைத்துத்தான் செய்தாள். சின்னப் பிள்ளைச் சாவுக்குப் பறையும் இல்லை, பாடையும் இல்லை. மருதாயியின் புருஷன் வடிவேல் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய், ஆற்றோரத்து இடுகாட்டில் வைத்துவிட்டு வந்தான். பிள்ளை பெற்று எழுந்ததும் குழிமேட்டில் உட்கார்ந்து வயிறார அழுதுகொள்ளலாம் என்று மருதாயி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் எழுந்து நடமாடுவதற்குள் அந்த ஆற்றின் குறுக்கே எழும்பிக்கொண்டிருந்த அணையைக் கட்டி முடித்துவிட்டார்கள். பழைய மஸ்கெலியாக் கடைவீதி, கோயில், பள்ளத்துத் தேயிலை, இடுகாடு எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஏறிவிட்டது. கைப்பிள்ளையோடு கரையில் நின்று பார்த்தாள். இந்த இடம் என்று கை நீட்டக்கூட ஓர் அடையாளம் இல்லை. ஏற்கெனவே இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டு வைத்திருந்ததில் அவர்கள் இந்தியப் பங்கில் விழுந்தார்கள். புறப்படும் நாளிலும் அந்தக் கரைக்குப் போனாள். தண்ணீர் பாட்டுக்குத் தண்ணீராக இருந்தது. கோபத்தை எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம். அழுகைக்கு மட்டும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. பிணம் வேண்டும், இல்லாவிட்டால் குழி வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு படமாவது வேண்டும். மருதாயிக்கு எதுவும் இல்லை.

படம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தோட்டங்களில் போட்டோக்காரன் என்றால் சாவுக்கு வருகிறவன். கீழே அட்டன் டவுனிலிருந்து ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினால், "யாரு போனது?" என்றுதான் கேட்பார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்துக்கொள்ளும் அந்தப் படம்தான் பலருக்கு வாழ்நாளில் வாய்த்த ஒரே படம். பாஸ்போர்ட்டுக்காக உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்றபோது, அபசகுனம் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சாவுப் படமும் எடுக்கிற வழக்கமில்லை.

இதெல்லாம் பந்தலூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஹெர்பர்ட்டுக்கு எப்படித் தெரியும்? அவர் குன்னூரில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிற குடும்பம். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த அந்தத் தை மாதத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் லயத்துக்கு வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கும்பிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை எல்லாரும் பந்தலூர் சர்ச் ஹாலுக்கு வரணுங்க. ஜப்பான்ல இருந்து ஒருத்தர் வந்திருக்காருங்க. அணுகுண்டு வெடிச்சு அழிஞ்சுபோன நெலத்தையெல்லாம் போட்டோ எடுத்துக் கொண்டாந்திருக்காருங்க."

கருப்பம்மாள் கூடையை அப்படியே வைத்தாள். "அழியிறதுக்கு முன்னாடி எடுத்ததா சார், அப்புறம் எடுத்ததா?"

"அப்புறம் எடுத்ததுதானுங்க."

"நெலத்தத்தானா? ஆளுக இல்லியா?"

"ஆளுக யாரும் இருக்க மாட்டாங்க. வெறும் நெலந்தானுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி "பாவமே" என்றாள். வாத்தியார் தம் பேச்சு நன்றாக எடுபட்டது என்ற சந்தோஷத்தில் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கருப்பம்மாள் சொன்னாள்: "கடல் தாண்டி ஒரு மனுசன் எழவைச் சொமந்துக்கிட்டு வந்திருக்காரு. ஊரே செத்துருக்கு. சொல்லிவிட்ட பெறகு போவாம இருக்க ஏலுமா?" மருதாயியைப் பார்த்தாள். "நீ பாட வேணாம். தலைய மட்டும் காட்டிட்டு வா."

"பாடச் சொல்லமாட்டீகன்னா வாரேன்" என்றாள் மருதாயி.

மறுநாள் காலையில் அடுப்பு மூட்டவில்லை. யாரும் பூ வைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை. வடிவேலும் நாலைந்து ஆண்களும் தலையில் துண்டோடு பின்னால் வந்தார்கள். பந்தலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். சர்ச் ஹாலின் தகரக் கூரை கண்ணில் பட்டதுதான் தாமதம், கருப்பம்மாள் மார்பில் கையை வைத்து, "ஐயோ, நாங்க என்னத்தச் சொல்லுவோம்!" என்று ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஹால் வாசலில் நின்ற ஹெர்பர்ட் ரோட்டைத்தான் முதலில் பார்த்தார். அந்தக் காலத்தில் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தாலே யார் என்ன என்று கேட்டார்கள். போதாக்குறைக்கு, ராஜஸ்தான் பாலைவனத்தில் நம்மவர்கள் வெடித்துப் பார்த்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. குண்டைப் பற்றிக் கண்காட்சி என்றதும் அதிகாரிகள் அவரை நாலு முறை நடக்கவிட்டு, கூட்டம் கூடாது, கோஷம் கூடாது, சத்தம் கேட்டால் மூடிவிடுவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். காவலுக்கு ஒச்சப்பன் என்ற கான்ஸ்டபிளையும் போட்டிருந்தார்கள். உசிலம்பட்டிக்காரர். காலையில் வந்ததும் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "நம்ம நாட்டுப் படம் ஏதும் இல்லையே?" என்று கேட்டுத் திருப்தியடைந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், இப்போது லத்தியோடு எழுந்துவிட்டார்.

"என்னய்யா இது? ஊர்வலமா?"

"ஐயோ, இல்லீங்க. நான் படம் பாக்கத்தானுங்க கூப்பிட்டேன்!"

"யாரும்மா நீங்க? எதுக்குக் கத்திக்கிட்டு வர்றீங்க?"

கருப்பம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எழவுக்கு வந்திருக்கோம்யா. எழவுக்குக் கத்தாம கும்மியா அடிப்பாக?"

ஒச்சப்பன் வாத்தியாரைப் பார்த்தார், விரிந்த தலைகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வழி விட்டார்.

உள்ளே சுவரோரம் கயிறு கட்டி, கறுப்பு வெள்ளைப் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மூலையில் ஒடிசலான ஒருவர், நாற்பது வயது சொல்லலாம், கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். அவர்தான் படம் எடுத்த மொரிதா. எத்தனையோ ஊர்களில் இந்தப் படங்களை மாட்டியிருக்கிறார். சலவை மடிப்புக் கலையாத ஆட்கள் வருவார்கள், அமைதியாக ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், வருகைப் புத்தகத்தில் நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். தலைவிரி கோலமாக யாரும் வந்ததில்லை. மனிதர் மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

முதல் படத்தில் ஒரு பாலைவனமும் நடுவில் ஒரு பள்ளமும். பள்ளத்தின் விளிம்பில் நின்ற லாரிகள் எறும்புபோலத் தெரிந்தன.

"இம்மாம்பெரிய குழி! எத்தன பேரப் பொதைச்சாக சார்?" என்றாள் கருப்பம்மாள்.

"யாரையும் பொதைக்கலீங்க. வெடிச்சுப் பாத்த எடமுங்க."

"அப்ப நெலந்தான் செத்ததா?"

ஹெர்பர்ட் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாங்க, நெலந்தான்" என்றார்.

அது போதும் என்பதுபோல் பெண்கள் ஹாலின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். கருப்பம்மாள் தொடங்கினாள். "பொன்னு வெளைஞ்ச பூமியின்னு..." என்று ஓர் அடி வந்தது. அடுத்த அடி வரவில்லை. அங்கே என்ன விளைந்தது, யார் உழுதது, ஒன்றும் தெரியாது. இன்னொருத்தி எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள், அதுவும் நின்றது. எல்லோர் கண்களும் மருதாயி பக்கம் திரும்பின. பாடச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்ததால் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மருதாயி வட்டத்தில் உட்காரவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். தலை போன தென்னைமரங்கள் ஒன்றில். கண்ணாடிபோல் உருகி இறுகிய மணல் ஒன்றில். அதற்கடுத்த படத்தில் ஒன்றுமே இல்லை. தண்ணீர். ஆகாயத்திலிருந்து எடுத்த கடல், நடுவில் மட்டும் வட்டமாகக் கறுத்திருந்தது. மருதாயி அங்கே நின்றுவிட்டாள்.

"இதுல என்ன சார் செத்துச்சு? தண்ணி நல்லாத்தான இருக்கு?"

"அங்கே ஒரு தீவு இருந்துச்சுங்க. ஒரே குண்டுல காணாமப் போயிருச்சு. அந்தக் கறுப்பா இருக்குற எடந்தானுங்க."

"ஆளுக?"

ஹெர்பர்ட் மொரிதாவிடம் இங்கிலீஷில் கேட்டார். அவர் தணிந்த குரலில் பதில் சொன்னார்.

"அந்தப் பக்கத்துத் தீவுக்காரங்களையெல்லாம் முன்னாடியே கப்பல்ல ஏத்தி வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாங்களாமுங்க. உசுருக்கு ஒண்ணும் ஆகலைங்களாம்."

"கப்பல்லயா?"

"ஆமாங்க."

"அவுகளுக்குன்னு இடுகாடு இருந்திருக்குமே சார். அத?"

இதையும் ஹெர்பர்ட் கேட்டார். மொரிதா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மருதாயியை முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

"ஆளுகளத்தான் கப்பல்ல ஏத்த முடியும், குழிய எப்படி ஏத்துறதுங்கறாருங்க" என்றார் ஹெர்பர்ட்.

மருதாயி அந்தக் கறுத்த வட்டத்தில் கையை வைத்தாள். படத்தைத் தொடக்கூடாது என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது; அவளுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் தொட்டிருப்பாள். தன் பிள்ளை கிடக்கும் தண்ணீரை உலகத்தில் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. வேறு யாருடைய பிள்ளைகளோ கிடக்கும் தண்ணீரை இந்த மனிதர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தண்ணீருக்குத் தண்ணீர் என்ன வித்தியாசம்? இதோ கைக்கு எட்டுகிற ஓர் இடம். அவள் அப்படியே படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். வாய் தானாகத் திறந்தது.

"தண்ணிக்குள்ள தூங்குறியே – பூவாயி
தாகமுன்னு தவிச்சாயோ?
மீனு வந்து தொட்டெழுப்ப – என் மகளே
அம்மையின்னு நெனச்சாயோ?"

கருப்பம்மாள் துள்ளி எழுந்து ஓடி வந்தாள். மருதாயியின் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுடி. நல்லா அழு. இன்னைக்கி ஒன் வாயப் பொத்த மாட்டேன்டி" என்றாள்.

"கட்டின துணியில் போகையில – உன்னக்
கண்ணெடுத்துப் பாக்கலையே,
கப்பலேறி வந்தேனே – என் மகளே
கையில் உன்னத் தூக்கலையே!
வாரேன்னு சொன்னேனே – அந்த
வாயி இன்னும் வேகலையே,
கரையில நின்ன காலு – உன்
காலடிக்குச் சேரலையே!"

இத்தனை வருஷம் அடைத்து வைத்தது அடக்கமாகவா வரும்? ஹால் தகரம் அதிர்ந்தது. வட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் நகர்ந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டு மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்திக்கும் அந்தக் கடலுக்கு அப்பால் ஒரு குழி இருந்தது. வாசலில் நின்ற வடிவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டினான். தோளில் போட்டுக்கொண்டு போனவன் அவனல்லவா? அவனும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ரோட்டில் ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது. ஹெர்பர்ட் ஓடி வந்து, "சத்தம் கேட்டா மூடணும்னு சொன்னாங்களேங்க" என்று ஒச்சப்பனிடம் முனகினார்.

"கோஷம் போட்டாத்தான்யா மூடணும்" என்றார் ஒச்சப்பன். "எழவு வீட்டுல பொம்பளைக அழுகக்கூடாதுன்னு எந்த உத்தரவுலயும் கெடையாது. வரட்டும், நான் சொல்லிக்கிறேன்." சொல்லிவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஜீப் நிற்காமல் போய்விட்டது.

ஒரு வழியாக மருதாயி ஓய்ந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொரிதா ஹெர்பர்ட்டின் கையைத் தொட்டு, அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்டார். ஹெர்பர்ட் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: குழந்தை, அணை, தண்ணீர், கப்பல். பாட்டைச் சொல்ல அவரால் முடியவில்லை.

மொரிதா கடைசிப் படத்தின் பக்கம் போய் நின்றுகொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினார். அது ஓர் ஆற்றங்கரை. புல் முளைத்திருந்தது, அவ்வளவுதான். அதை யாரும் நின்று பார்த்திருக்கவில்லை.

ஹெர்பர்ட் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். "அங்கதான் அவரு ஊடு இருந்துச்சாமுங்க. குண்டு போட்ட அன்னைக்கு அவரைப் பள்ளிக்கூடத்தோட வெளியூருக்கு அனுப்பிச்சிருந்தாங்களாம். அம்மா டவுனுக்கு வெளிய வேலைக்குப் போயிருந்தாங்களாம். ஊட்டுல தங்கச்சி மட்டும் இருந்திருக்குதுங்க. ஒண்ணுமே கெடைக்கலியாமுங்க. எலும்புகூட. அதனால சடங்கு எதுவும் செய்யல. அம்மா கடைசி வரைக்கும் அழவே இல்லியாமுங்க."

"அட சாமி! அப்ப இவருதான் எழவுக்காரரா?" என்று கருப்பம்மாள் பதறினாள். "இம்புட்டு நேரமா அவர மூலையில நிக்க வச்சிருக்கோமே! ஆம்பளைகளா, பெஞ்ச எடுத்து வாசல்ல போடுங்க!"

மொரிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழைத்த இடத்துக்குப் போனார், உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்தார். வடிவேல் முதலில் வந்து இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன் நீட்டினான். துக்கம் கேட்பவர்கள் நீட்டிய கையை எழவுக்காரர் தொட வேண்டும் என்பது வழக்கம். ஹெர்பர்ட் காதில் சொன்னதும் மொரிதா எழுந்து தொட்டார். அடுத்தவன் நீட்டினான், அதற்கடுத்தவன் நீட்டினான். கடைசியில் ஒச்சப்பனும் லத்தியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கையை நீட்டினார்.

மருதாயி உள்ளேயிருந்து எழுந்து வாசல்படிக்கு வந்தாள். அழுது சிவந்த கண்ணோடு, ஆனால் பழைய மஸ்கெலியா மருதாயியின் தோரணையோடு நின்றாள். எழவு வீட்டில் பாட்டுச் சொல்லப் போகிறவள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் உட்காரக்கூடாது.

"சார், அந்தப் புள்ள பேரு என்னன்னு கேளுங்க."

"கிமிகோவாமுங்க."

"வயசு?"

"ஆறுங்க."

"எது மேல ஆசையா இருந்துச்சாம்?"

இந்தக் கேள்வியை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று ஹெர்பர்ட் சற்றுத் திணறினார். மொரிதா அதிக நேரம் யோசிக்கவில்லை.

"சண்டைக் காலங்கறதால சோத்துக்கே பஞ்சமாமுங்க. அன்னைக்குக் காலையில நடந்ததை அம்மா ஒரு தடவ சொன்னாங்களாம், வள்ளிக்கெழங்கு இன்னொரு துண்டு வேணும்னு கேட்டுச்சாமுங்க. சாயங்காலம் வந்து தர்றேன்னு சொல்லிட்டு அம்மா வேலைக்குப் போயிட்டாங்களாம்." மொரிதா மேலும் சொன்னதைக் கேட்டு ஹெர்பர்ட் தொடர்ந்தார். "அதுக்கப்புறம் அந்தம்மா ஊட்டுல கெழங்கே வேக வச்சதில்லையாமுங்க."

மருதாயி தலையை ஆட்டிக்கொண்டாள். கிமிகோ, கிமிகோ என்று இரண்டு முறை மெதுவாகச் சொல்லி, வாயில் படிந்ததும் உள்ளே போனாள். ஆற்றங்கரைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். பெண்கள் நெருங்கி வந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள்.

"கெழங்கு வெந்து ஆறுதடி – கிமிகோ
கிண்ணியில எடுத்து வச்சேன்,
சாயங்காலம் ஆகிப் போச்சே – என் தாயே
சாப்பிட நீ வரலையே!"

வெளியே பெஞ்சில் இருந்த மொரிதாவுக்கு அதில் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். அந்தப் பேரைச் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டுக் கேட்டு முப்பது வருஷமாகியிருந்தது. அவர் வடிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.